பலகையில் எழுதிய விலை: எஸ்கியூஎல் மாறிக்கு மதிப்பு கொடுப்பது எப்படி?

வேளச்சேரியில் எங்கள் தெருமுனையில் ஒரு தண்ணீர் கேன் கடை. ஒரு ஷட்டர், உள்ளே அடுக்கி வைத்த 20 லிட்டர் கேன்கள், வாசலில் ஒரு மினி லாரி. ஷட்டரை ஒட்டிய சுவரில் சின்னதாக ஒரு கரும்பலகை தொங்கும். அதில் சாக்பீஸால் ‘கேன் 40’ என்று எழுதியிருக்கும். கேன் போடும் பையன்கள் விலையை மனப்பாடம் செய்வதில்லை. வண்டி ஏறும் முன் பலகையை ஒரு பார்வை பார்ப்பார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அதே விலை. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு கிடந்தபோது அந்தப் பலகையில் எண் மாறிக்கொண்டே இருந்தது. கடைக்கார அண்ணாச்சி யாரையும் கூப்பிட்டுத் தனித்தனியாகச் சொல்லவில்லை. பழையதை அழித்தார், புதியதை எழுதினார்.

டேட்டாபேஸ் என்பது கணக்கையெல்லாம் டேபிள்களாக வைத்திருக்கும் மென்பொருள்; அதனிடம் பேசும் மொழி எஸ்கியூஎல். அதில் மாறி என்பது அந்தப் பலகைதான். பள்ளிக் கணக்கில் மாறி என்று படித்ததை ஆபீசில் வேரியபிள் என்கிறோம். அதற்கு ஒரு பெயர் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மதிப்பு அதில் இருக்கும். புதிதாக எழுதினால் பழையது போய்விடும்.

அண்ணாச்சியின் மகள் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடைக் கணக்கை நோட்டுப் புத்தகத்திலிருந்து டேட்டாபேஸுக்கு மாற்றிக் கொடுத்தது நான். இப்போது அதைப் பார்த்துக்கொள்வது அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்போடு வந்து நின்றாள். “அண்ணா, செட் போட்டாலும் மதிப்பு உள்ளே போகுது, செலக்ட் போட்டாலும் போகுது. ரெண்டும் ஒண்ணுதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு?” அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ரெண்டும் ஒன்று அல்ல. அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் நான் எழுதிய ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), வயதான ஓர் அம்மாவை ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட வைத்தது. அதையும் சொல்கிறேன்.

ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளைகளை நாம் வாயால் சொல்கிறபடியே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்: செலக்ட், ஃப்ரம், வேர், செட், டிக்ளேர். கணினியில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். டேபிள் பெயர்களும் மாறிகளின் பெயர்களும் படிக்க வசதியாகத் தமிழில் இருக்கின்றன; அந்த இடத்தில் உங்கள் டேபிளில் உள்ள பெயர்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வேறாகச் சொல்லாத இடங்களில் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரை மனதில் வைத்துப் பேசுகிறேன். அதைப் போன்ற வேறு டேட்டாபேஸ் மென்பொருள்களான மை எஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் பற்றிப் பின்னால் வருகிறது.

மாறியே இல்லாத ஒரு குவெரியிலிருந்து தொடங்கலாம். 500 ரூபாய்க்கு மேல் கேன் வாங்கிய வீடுகள் எவை?

    செலக்ட் வீட்டெண், கேன் * 40
    ஃப்ரம் விநியோகம்
    வேர் கேன் * 40 > 500

எதைக் காட்டுவது என்று செலக்ட் சொல்கிறது; எந்த டேபிளிலிருந்து என்று ஃப்ரம், எந்த நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகள் என்று வேர். இது சரியாகவே ஓடும். ஆனால் 40 என்ற எண் இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. விலை 45 ஆகும் நாளில் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி இன்னொன்றை விட்டுவிட்டால் டேட்டாபேஸ் எந்தப் பிழையும் காட்டாது. தவறான பட்டியலை அமைதியாகக் கொடுத்துவிடும். இதையே மாறி வைத்து எழுதினால்:

    டிக்ளேர் @விலை இன்ட்
    செட் @விலை = 40
    செலக்ட் வீட்டெண், கேன் * @விலை
    ஃப்ரம் விநியோகம்
    வேர் கேன் * @விலை > 500

முதல் வரி பலகையை மாட்டுகிறது. இரண்டாவது வரி அதில் எழுதுகிறது. அதற்குப் பிறகு வருகிற எல்லாமே பலகையைப் பார்த்து நடந்துகொள்கின்றன. பெயருக்கு முன்னால் நிற்கும் ‘அட்’ குறி, இது டேபிளின் நெடுவரிசை அல்ல, மாறி என்று சொல்வதற்காக. எஸ்கியூஎல் சர்வரில் அது இல்லாமல் முடியாது. 2008 பதிப்பிலிருந்து முதல் இரண்டு வரிகளையும் சேர்த்து ‘டிக்ளேர் @விலை இன்ட் = 40’ என்று ஒரே வரியிலும் எழுதலாம்.

இங்கே சமக்குறியைப் பள்ளிக் கணக்கில் வாசிப்பதுபோல் வாசிக்கக் கூடாது. வலது பக்கம் முதலில் கணக்கிடப்படும். வந்த விடை இடது பக்கத்தில் போய் உட்காரும். அதனால்தான் இப்படி எழுத முடிகிறது:

    செட் @விலை = @விலை + 5

கணக்கு டீச்சர் பார்த்தால் 40 எப்படி 45க்குச் சமமாகும் என்று கேட்பார். இங்கே அதன் பொருள் வேறு: இப்போது பலகையில் இருப்பதை எடு, 5 கூட்டு, பழையதை அழித்து இதை எழுது.

டிக்ளேர் மட்டும் செய்துவிட்டு எதுவும் எழுதாமல் விட்டால் உள்ளே என்ன இருக்கும்? பலரும் சுழி என்று நினைக்கிறார்கள். இல்லை. ‘நல்’ என்ற வெறுமை இருக்கும். சுழி என்பது ஒரு விலை. இலவசம் என்று பொருள். ‘நல்’ என்பது பலகையில் எதுவுமே எழுதவில்லை என்பது. வெற்றுப் பலகையைப் பார்த்துக் கணக்குப் போட முடியாது அல்லவா? அதனால் ‘நல்’லோடு எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் ‘நல்’தான் வரும். அந்த @விலைக்கு மதிப்பு கொடுக்க மறந்துவிட்டு மேலே உள்ள குவெரியை ஓட்டினால் ஒரு வீடு கூட வராது. பிழைச் செய்தியும் வராது.

டிக்ளேர் வரியில் பெயருக்குப் பின்னால் வருவது வகை. இன்ட் என்றால் முழு எண். அதில் 37.50 எழுதப் போனால் 37 மட்டும் தங்கும். அந்த ஐம்பது காசைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். பைசா உள்ள தொகைக்கு டெசிமல் வகையை எடுங்கள்.

எண்களை விட எழுத்துகளில்தான், அதுவும் நம் தமிழ் எழுத்துகளில்தான், ஆரம்பத்தில் அதிகம் தடுமாறுவோம். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். அந்தப் பெண் பகுதியின் பெயரை ஒரு மாறியில் வைக்க இப்படி எழுதியிருந்தாள்:

    டிக்ளேர் @பகுதி என்வார்கேர்(5)
    செட் @பகுதி = 'வேளச்சேரி'

என்வார்கேர் என்பது எழுத்துகளுக்கான வகை; அடைப்புக்குறிக்குள் இருப்பது எத்தனை இடம் என்பது. எண்ணிப் பார்த்தால் வே, ள, ச், சே, ரி என்று ஐந்து எழுத்துதான். அவள் கணக்கில் தப்பில்லை. ஆனால் திரையில் வந்தது ஐந்து கேள்விக்குறிகள். இதில் இரண்டு சிக்கல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன.

முதலாவது, எஸ்கியூஎல் சர்வரில் தமிழ் வாசகத்தைத் தருவதாக இருந்தால் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘என்’ ஒன்றைச் சேர்க்க வேண்டும். இது யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) வாசகம் என்பதற்கான அடையாளம் அது. அதைப் போடாவிட்டால், யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்துகளைச் சேமிக்கும், ஒப்பிடும் முறைக்கான அமைப்பு) வைத்திராத டேட்டாபேஸில், வாசகம் மாறிக்குள் போவதற்கு முன்பே தமிழை இழந்துவிடுகிறது. மாறியின் வகை சரியாக இருந்தும் பயனில்லை.

அதைச் சேர்த்ததும் கேள்விக்குறிகள் போய், ‘வேளச்’ என்று வந்தது. இது இரண்டாவது சிக்கல். நம் கண்ணுக்கு ‘வே’ ஓர் எழுத்து. யூனிகோடில் அது இரண்டு: ‘வ’ ஒன்று, ஏகாரக் குறி ஒன்று. ‘ச்’ என்றால் ‘ச’ ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி எண்ணினால் வேளச்சேரிக்கு ஒன்பது இடம் வேண்டும். ஐந்து இடம் கொடுத்தால் ஐந்தோடு வெட்டிவிடும். இதே வாசகத்தை டேபிளில் ஐந்து இடமுள்ள நெடுவரிசைக்குள் சேர்க்கப் பார்த்தால் டேட்டாபேஸ் வழக்கமாகப் பிழை சொல்லித் தடுக்கும். மாறிக்குள் வைக்கும்போது சொல்லாமல் வெட்டும். தமிழ்ப் பெயர்களுக்கு நான் கண்ணால் எண்ணுவதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் இடம் விடுவேன். இன்னொன்று: அடைப்புக்குறிக்குள் எண்ணே போடாமல் விட்டால் அளவு 1 என்று எடுத்துக்கொள்ளும். அப்போது வேளச்சேரியில் மிஞ்சுவது ‘வ’ மட்டும்.

சரி, இப்போது அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். செட், செலக்ட்.

கையால் ஒரு மதிப்பைத் தரும்போது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. செட் ஒரு தடவைக்கு ஒரு மாறிக்குத்தான் எழுதும். செலக்ட் ஒரே வரியில் பலவற்றுக்கு எழுதும்: ‘செலக்ட் @விலை = 40, @முன்பணம் = 150’. இது வெறும் வசதி. வேறுபாடு பிறக்கும் இடம், மதிப்பு டேபிளிலிருந்து வரும் இடம்.

    செட் @பாக்கி = (செலக்ட் தொகை ஃப்ரம் பாக்கிகள் வேர் வீட்டெண் = 12)

    செலக்ட் @பாக்கி = தொகை ஃப்ரம் பாக்கிகள் வேர் வீட்டெண் = 12

12ஆம் எண் வீட்டுக்கு டேபிளில் ஒரே ஒரு வரி இருந்தால் இரண்டும் அதே தொகையைத் தரும். நாம் சோதித்துப் பார்ப்பதும் எப்போதும் அப்படி ஒரு வீட்டை வைத்துத்தான். அதனால்தான் இரண்டும் ஒன்றே என்று தோன்றுகிறது. நான் அவளிடம் கேட்டது இதைத்தான்: “ஒரு வரி வந்தா சரி. வரியே வரலைன்னா மாறியில என்ன இருக்கும்? நாலு வரி வந்தா எது இருக்கும்?”

வரியே வராத நிலையை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் நான் பட்டது அங்கேதான்.

கடைக் கணக்கை டேட்டாபேஸுக்கு மாற்றிய முதல் மாதம். மாதக் கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் பாக்கித் தொகை எஸ்எம்எஸ்ஸாகப் போக வேண்டும். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

    டிக்ளேர் @வீடு இன்ட் = 1
    வைல் @வீடு <= 60
    பிகின்
        டிக்ளேர் @பாக்கி இன்ட்
        செலக்ட் @பாக்கி = தொகை ஃப்ரம் பாக்கிகள் வேர் வீட்டெண் = @வீடு
        இன்சர்ட் இன்டு செய்திகள் வேல்யூஸ் (@வீடு, @பாக்கி)
        செட் @வீடு = @வீடு + 1
    எண்ட்

ஒன்றிலிருந்து அறுபது வரை ஒவ்வொரு வீடாகப் போகிறது. அந்த வீட்டின் பாக்கியை எடுக்கிறது, செய்திக்கான டேபிளில் சேர்க்கிறது. 36ஆம் வீட்டின் பாக்கி 1,840 ரூபாய். 37ஆம் வீட்டுக்கு அந்த வாரம்தான் ஓர் அம்மா குடிவந்திருந்தார். பெயரும் போன் எண்ணும் பதிவாகியிருந்தன. இன்னும் ஒரு கேன் கூட வாங்கவில்லை. ஆகவே பாக்கிகள் டேபிளில் அவருக்கு வரியே இல்லை.

செலக்ட் மூலம் மதிப்பு கொடுக்கும்போது, வரி வராவிட்டால் மாறிக்கு எதுவும் நடக்காது. எழுத ஆள் வரவில்லை, பலகையை அழிக்கவும் ஆள் வரவில்லை. முன்பு எழுதியிருந்த 1,840 அப்படியே இருந்தது. அது 37ஆம் வீட்டுக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை அந்த அம்மா போனைக் கையில் பிடித்தபடி கடைக்கு வந்தார். “நான் இன்னும் தண்ணியே வாங்கலையேப்பா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணாச்சி உடனே மன்னிப்புக் கேட்டு ஒரு கேன் அனுப்பி வைத்தார். நான் மாலை வேலை முடிந்து பெருங்குடியிலிருந்து வந்து சேரும்வரை என்ன நடந்தது என்று யாருக்கும் புரியவில்லை. அந்த அம்மா அன்று முழுக்க, யாரோ தன் பெயரில் கடன் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வைல் தொடங்கி எண்ட் வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதிதான் லூப். டிக்ளேர் வரியை லூப்புக்குள் வைத்திருக்கிறேனே, ஒவ்வொரு சுற்றுக்கும் புதுப் பலகை கிடைக்கும், அது வெறுமையாகத் தொடங்கும் என்று நான் நம்பியிருந்தேன். மற்ற பல மொழிகளில் அப்படித்தான். எஸ்கியூஎல் சர்வரில் அப்படி இல்லை. லூப்புக்குள் எழுதினாலும் மாறி ஒரே ஒரு தடவைதான் உருவாகிறது. அடுத்த சுற்றில் அந்த டிக்ளேர் வரி எதையும் அழிப்பதில்லை. ‘டிக்ளேர் @பாக்கி இன்ட் = 0’ என்று மதிப்போடு எழுதியிருந்தால் அந்த மதிப்பு ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக எழுதப்பட்டிருக்கும்; 37ஆம் வீட்டுக்கு 0 என்று போயிருக்கும். விடுபட்டது அந்த ‘= 0’ மட்டும்.

செட் பயன்படுத்தியிருந்தால்? அடைப்புக்குறிக்குள் உள்ள செலக்ட் வரி எதையும் தராவிட்டால் அதன் மதிப்பு ‘நல்’. செட் அந்த ‘நல்’லை எடுத்து மாறியில் எழுதும். பழைய 1,840 அழிந்துவிடும். அப்புறம் ‘நல்’லைச் சுழியாக்க ஐஸ்நல் அல்லது கோலஸ் என்ற செயற்கூறு இருக்கிறது:

    செட் @பாக்கி = ஐஸ்நல்((செலக்ட் தொகை ஃப்ரம் பாக்கிகள் வேர் வீட்டெண் = @வீடு), 0)

இப்போது கடையில் ஓடுவது இதுவும் அல்ல. இந்த வேலைக்கு லூப்பே தேவையில்லை. வீடுகள் டேபிளையும் பாக்கிகள் டேபிளையும் லெஃப்ட் ஜாயின் (பாக்கி இல்லாத வீட்டையும் விடாமல் இரண்டையும் இணைப்பது) செய்தால் அறுபது வீட்டுக்கும் ஒரே குவெரியில் விடை வந்துவிடும். மாறியும் வேண்டாம், அதில் பழையது தங்கும் பயமும் வேண்டாம். மாறி கற்றுக்கொண்ட புதிதில் எல்லாவற்றையும் லூப்பாக எழுதத் தோன்றும். ஒவ்வொரு வரியாகப் போகிற லூப் எழுதும் முன் ‘இதை ஒரே குவெரியில் கேட்க முடியாதா?’ என்று ஒரு தடவை நின்று யோசியுங்கள்.

அடுத்து, பல வரிகள் வரும் நிலை. இதற்குக் கேன் கடையை விட்டு ஏரிக்குப் போகலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்காரர்கள் தினமும் செய்தித்தாளில் பார்க்கும் பட்டியல்தான். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081. இந்த நான்கும் ‘ஏரிகள்’ என்ற டேபிளில் நான்கு வரிகளாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

    செலக்ட் @கொள்ளளவு = கொள்ளளவு ஃப்ரம் ஏரிகள்

நான்கு வரிகள், ஒரே பலகை. டேட்டாபேஸ் நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதும். முதலில் எழுதியதை இரண்டாவது அழிக்கும், அதை மூன்றாவது அழிக்கும். கடைசியில் வந்த வரியின் மதிப்பு மிஞ்சும். எது கடைசியில் வரும்? வரிசை கேட்காத குவெரியில் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இன்று 1,081 வரலாம். நாளை ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) சேர்த்தபின் 3,300 வரலாம். எந்தப் பிழையும் வராது. இதுதான் இதில் எனக்குப் பிடிக்காத விஷயம்.

    செட் @கொள்ளளவு = (செலக்ட் கொள்ளளவு ஃப்ரம் ஏரிகள்)

இது ஓடாது. உள்ளே இருக்கும் குவெரி ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பைத் தந்துவிட்டது என்று 512ஆம் எண் பிழையைக் காட்டி நின்றுவிடும். புதிதாகக் கற்பவர்கள் இந்தப் பிழையைப் பார்த்ததும் செட்டை எடுத்துவிட்டு செலக்ட் போட்டு, ‘இப்போ ஓடுது’ என்று நகர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். நான்கு ஏரிகள் இருக்கின்றன, எது வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை என்பதைத்தான் அந்தப் பிழை சொல்கிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட ஏரி வேண்டுமென்றால் வேர் சேர்த்துப் பெயரைக் கொடுங்கள். பெரியது வேண்டுமென்றால் மேக்ஸ், மொத்தம் வேண்டுமென்றால் சம்:

    செலக்ட் @பெரியது = மேக்ஸ்(கொள்ளளவு), @மொத்தம் = சம்(கொள்ளளவு) ஃப்ரம் ஏரிகள்

3,645, 11,257 என்று இரண்டு மாறிகளும் நிரம்பிவிடும். குரூப் பை (வரிகளைக் குழுக்களாகப் பிரிப்பது) இல்லாத மேக்ஸ், சம் போன்றவற்றுக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. டேபிளில் எத்தனை வரிகள் இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், அவை சரியாக ஒரு வரியைத் தரும். காலி டேபிளுக்கு அந்த வரியில் ‘நல்’ இருக்கும். ஆகவே இங்கே செலக்ட் போட்டாலும் பழைய மதிப்பு தங்காது.

அதனால் என் பழக்கம் இது: டேபிளிலிருந்து ஒரு மதிப்பை எடுக்கும்போது செட். பல நெடுவரிசைகளை ஒரே வரியிலிருந்து பல மாறிகளுக்கு எடுக்க வேண்டியிருந்தால் செலக்ட். ஆனால் அதற்கு முன் எல்லா மாறிகளையும் ‘நல்’ ஆக்கிவிடுவேன், முடிந்ததும் எத்தனை வரிகள் வந்தன என்பதை ‘@@ரோகவுன்ட்’டில் பார்ப்பேன். அது நீங்கள் டிக்ளேர் செய்யாமலே எஸ்கியூஎல் சர்வர் தருவது. உடனே அடுத்த வரியிலேயே பார்க்க வேண்டும். நடுவில் வேறு கட்டளை ஓடினால் அந்த எண் மாறிவிடும்.

ஏன் இதெல்லாம் இவ்வளவு குழப்பமாக இருக்கிறது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. 1974இல் ஐபிஎம் நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இந்த மொழியை முன்வைத்தபோது அதன் நோக்கமே வேறு. எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், எப்படி எடுப்பது என்பதை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்பது. படிப்படியாகச் செய், இதை நினைவில் வை, அடுத்ததற்குப் போ என்று சொல்லும் தேவை பின்னால் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் மாறிகளைச் சேர்த்துக்கொண்டது. அதற்கான பொதுத் தரம் 1996இல்தான் வந்தது. அதற்குள் ஆளுக்கொரு வழி நிலைத்துவிட்டது.

மை எஸ்கியூஎல்லைப் பாருங்கள். அங்கே அட் குறி போட்ட மாறிக்கு டிக்ளேர் தேவையே இல்லை. ‘செட் @விலை = 40’ என்று நேரடியாக எழுதலாம். நீங்கள் இணைப்பைத் துண்டிக்கும்வரை அது இருக்கும். வசதிதான். ஆனால் டிக்ளேர் இல்லாததால் எழுத்துப்பிழையைப் பிடிக்க ஆள் இல்லை. @விலைக்கு மதிப்பு கொடுத்துவிட்டு, கீழே அதன் பெயரில் ஓர் எழுத்தை விட்டு அடித்தால், எஸ்கியூஎல் சர்வர் அப்படி ஒரு மாறியே இல்லை என்று நிறுத்தும். மை எஸ்கியூஎல் அதைப் புது மாறியாக எடுத்துக்கொண்டு ‘நல்’ என்று பதில் தரும்.

அங்கே இன்னொரு பொறி இருக்கிறது.

    செலக்ட் @விலை = 40

எஸ்கியூஎல் சர்வரில் இது மதிப்பு கொடுக்கும். மை எஸ்கியூஎல்லில் இது ஒரு கேள்வி: விலை 40க்குச் சமமா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, மாறி வெறுமையாக இருந்தால் ‘நல்’ என்று திரையில் வரும். மாறியில் எதுவும் மாறாது. அங்கே செலக்ட்டுக்குள் மதிப்பு கொடுக்க முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த := குறி வேண்டும். 1950களின் இறுதியில் வந்த ஆல்கால் மொழி, ‘சமம்’ என்பதையும் ‘இதை எழுது’ என்பதையும் பிரித்துக் காட்ட இந்தக் குறியைத்தான் வைத்துக்கொண்டது. எனக்கு இது நேர்மையான குறியாகத் தோன்றும். ஆனாலும் செலக்ட்டுக்குள் இப்படி எழுதுவதை மை எஸ்கியூஎல் 8 பதிப்புகளில் கைவிடப்போகும் வழக்கம் என்று அறிவித்துவிட்டார்கள். புதிதாகக் கற்பவர் ‘இன்டு’ பழகுவது நல்லது:

    செலக்ட் தொகை இன்டு @பாக்கி ஃப்ரம் பாக்கிகள் வேர் வீட்டெண் = 12

பல வரிகள் வந்தால் இது பிழை சொல்லும். வரியே வராவிட்டால் ஓர் எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு, பழைய மதிப்பை அப்படியே விட்டுவிடும். ஆகவே 37ஆம் வீட்டுக் கதை இங்கேயும் நடக்கும்.

மை எஸ்கியூஎல்லில் ஸ்டோர்ட் ப்ரொசீஜருக்குள் (டேட்டாபேஸிலேயே பெயரிட்டுச் சேமித்த கட்டளைத் தொகுப்பு) அட் குறி இல்லாத மாறிகளும் உண்டு. அவற்றுக்கு டிக்ளேர் வேண்டும். அங்கே நெடுவரிசையின் பெயரையே மாறிக்கும் வைத்துவிடாதீர்கள். ‘வேர் வீட்டெண் = வீட்டெண்’ என்று எழுதினால் இரண்டு பக்கமும் மாறி என்றே அது எடுத்துக்கொள்ளும். மாறி தனக்குத்தானே சமம். எனவே எல்லா வீடுகளும் தேர்வாகிவிடும். அந்த வரி டெலீட் கட்டளையில் இருந்தால் டேபிளே காலி. மாறிகளின் பெயருக்கு முன்னால் ‘வி_’ போல ஏதாவது ஓர் அடையாளம் சேர்த்துக்கொள்வது இதனால்தான்.

ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் சாதாரண குவெரிக்கு வெளியே, தங்கள் செயல்முறை மொழிகளுக்குள் மாறிகளை வைத்திருக்கின்றன. இரண்டிலும் := உண்டு, செலக்ட் இன்டு உண்டு. ஆரக்கிள் இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பு: வரி வராவிட்டாலும் பிழை, ஒன்றுக்கு மேல் வந்தாலும் பிழை. போஸ்ட்கிரெஸ் சும்மா விட்டால் முதலில் வந்த வரியை எடுத்துக்கொள்ளும், வராவிட்டால் ‘நல்’ வைக்கும். ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தால் அதுவும் ஆரக்கிளைப் போல நடந்துகொள்ளும். நான் சேர்க்காமல் எழுதுவதில்லை. எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் இப்படி மாறிகளே கிடையாது. பைத்தான் போன்ற மொழியிலிருந்து மதிப்பை அனுப்ப வேண்டும்.

அப்படி வெளியிலிருந்து மதிப்பு அனுப்பும்போது ஒன்றை மட்டும் விடாமல் கடைப்பிடியுங்கள். வாடிக்கையாளர் திரையில் அடித்ததை எடுத்துக் குவெரி வாசகத்தோடு ஒட்டாதீர்கள். ஒட்டினால் அவர் அடித்தது கட்டளையின் பகுதியாகிவிடும். தீய எண்ணம் உள்ளவர் அதை வைத்து உங்கள் டேபிளையே அழிக்க முடியும். பாராமீட்டராக (குவெரியில் இடம் விட்டு, மதிப்பைத் தனியாக) அனுப்பினால் அது மதிப்பாக மட்டுமே போகும். யார் என்ன எழுதினாலும் அது பலகையில் எழுதிய வாசகம்தான், யாருக்கும் உத்தரவு ஆகாது. இதே காரணத்தால்தான் மாறிக்குள் டேபிள் பெயரை வைத்து ‘ஃப்ரம் @டேபிள்’ என்று எழுத முடிவதில்லை. ‘12,15,36’ என்று ஒரே வாசகமாக வைத்து ‘இன் (@பட்டியல்)’ என்று கேட்டால் மூன்று வீடுகள் கிடைக்காததும் இதனால்தான். அதன் கண்ணுக்கு அது மூன்று எண்கள் அல்ல, காற்புள்ளிகள் உள்ள ஒரே வாசகம்.

கடைசியாக, முதல் வாரத்தில் எல்லோருக்கும் வரும் ஒரு பிழை. குவெரி எழுதும் திரையில் கீழே உள்ள செலக்ட் வரிகளை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து எஃப்5 அழுத்துவோம். ‘@விலை டிக்ளேர் செய்யப்படவில்லை’ என்று வரும். மேலேதான் இருக்கிறதே என்று திகைப்போம். தேர்ந்தெடுத்த வரிகள் மட்டும்தான் சர்வருக்குப் போயின. டிக்ளேர் வரி போகவில்லை. நடுவில் ‘கோ’ என்று ஒரு வரி இருந்தாலும் இதே கதை. கோ என்பது ஒரு தொகுப்பு முடிந்தது என்ற அறிவிப்பு. அதற்கு மேலே மாட்டிய பலகை அதற்குக் கீழே இருக்காது. டிக்ளேர் வரியிலிருந்து சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இன்று ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இதை உங்கள் எஸ்கியூஎல் சர்வரில் அடித்துப் பாருங்கள். உங்களிடம் உள்ள ஏதாவது ஒரு டேபிளில், கண்டிப்பாக இல்லாத ஓர் எண்ணைத் தேடுங்கள்.

    டிக்ளேர் @பாக்கி இன்ட் = 500
    செலக்ட் @பாக்கி = தொகை ஃப்ரம் பாக்கிகள் வேர் வீட்டெண் = 9999
    செலக்ட் @பாக்கி
    செட் @பாக்கி = (செலக்ட் தொகை ஃப்ரம் பாக்கிகள் வேர் வீட்டெண் = 9999)
    செலக்ட் @பாக்கி

முதல் விடையில் 500 வரும். இரண்டாவதில் ‘நல்’ வரும். அந்தப் பெண் இதை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கடைக் கணக்கின் பழைய குவெரிகளைத் திறந்து, ‘செலக்ட் @’ என்று தொடங்கும் வரிகளை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள்.